ஒன்பது குழி

அ பதிவேட்டில் இவ்வளவுதான்:
கோல்ப் கிளப். ஒன்பது குழி.
அளந்து அறிக்கை தரும்படி
வெயில் ஏறுமுன் என்னை இறக்கிவிட்டுப் போனது ஜீப்.

ஒன்பது குழி, எங்கள் வாய்ப்பாட்டில்
மூன்று சென்ட்டுக்கு ஒரு பாய் விரிப்புக் குறைவு.
வீடு கட்டலாம். படி இறக்கினால் தெருவில் நிற்கும்.
இதற்குள் துரைமார்
காலையில் தொடங்கிப் பகல் சாப்பாடு வரை
எப்படி நடந்துகொண்டே இருந்தார்கள்?

வேதாளை தாண்டி, தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே
ஐம்பத்திரண்டு ஏக்கர் மணல்.
பாலத்து இன்ஜினியர் ஆல்டர்சனும்,
தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறுகிறவர்களை
முகாமில் நிறுத்தி அம்மை குத்திய டாக்டரும்
ஒன்பது தகர டப்பாவைப் புதைத்து
கிளப் என்றார்கள்.
மூன்று வருஷம் விதைத்தும் புல் முளைக்கவில்லை.
பிறகு ரயில் கொட்டகைக் கழிவு எண்ணெயை
மணலில் ஊற்றிப் பிசைந்து
அந்தக் கருப்பு வட்டத்தைப் 'பச்சை' என்றே அழைத்தார்கள்.
கூலிப் பட்டியலில் ஒரு பெயர் விடாமல் வருகிறது:
சீனியம்மாள், பச்சையில் சாக்கு இழுக்க, இரண்டணா.

கூட்டக் குறிப்பேட்டில் கரையான் தின்றது போக
நாற்பது பக்கம் மிச்சம்.
ஆடு விழுங்கிய பந்துக்கு அபராதம் இல்லை.
ஆமை முட்டையைப் பந்தென்று அடித்தவர்
அந்த அடியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.
ஊர்க்காரரை உறுப்பினராக்கலாமா?
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.
அடுத்த கூட்டத்திலும்.
பதினோரு தடவை எண்ணினேன்.
பன்னிரண்டாவதைக் கரையான் தீர்மானித்துவிட்டது.

ஒரு பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில், வேறு கை:
"கச்சான் நின்ன ராத்திரி. நாலாங்குழி. ரெண்டே அடி.
பனைமட்டை.
அடிச்சது இபுராம்சா. பாத்தது சவேரி."
பை தூக்கிய பையன்கள்.
நாலாங்குழியில் துரைமாரின் ஆகக் குறைந்த கணக்கு மூன்று.
தங்க எழுத்தில் பலகையில் இருந்ததாம்.
பலகையைப் புயல் கொண்டுபோனது.
பென்சில் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு உப்பளத்து மேனேஜர்கள் வந்தார்கள்,
ஞாயிறு மட்டும், குடையோடு.
அறுபத்து நாலு மார்கழியில் கடலே வந்தது.
கிழக்கே வீடிழந்தவர்கள்
மேடாகக் கிடந்த ஏழாங்குழியில் அடுப்பு மூட்டினார்கள்.
இன்றைக்கும் பஸ்ஸில் கண்டக்டர்
"ஏழாங்குழி எறங்கு" என்கிறார்.
ஆறும் எட்டும் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

மறுவருஷம் கணக்கெழுத வந்த கர்ணம் திருமேனிநாதன்
இங்கிலீஷ் பத்திரத்தைப் பார்த்துத் தமிழில் எழுதினார்: ஒன்பது குழி.
மீதி ஐம்பத்தொரு ஏக்கர் சொச்சம்: மணல்மேடு, நத்தம்.
தெரிந்தே எழுதினாரா,
மத்தியானத் தூக்கமா?
கையெழுத்து நடுங்கவில்லை.

இப்போது சென்னைக் கம்பெனி ஒன்று
கிளப்பின் பத்திரத்தை வாங்கியிருக்கிறது.
குழி என்றால் பந்து விழும் குழி,
ஒன்றிலிருந்து ஒன்பது வரை நடக்கிற மண்ணெல்லாம் எங்களுடையது
என்கிறார் வக்கீல்.
புல் வெளிநாட்டிலிருந்து வருமாம், சுருட்டிய பாய் போல.

ஏழாங்குழியில் கடற்பாசி காய்ந்துகொண்டிருந்தது.
"சங்கிலிய பாசி மேல போடாத" என்றாள் பிரகாசி.
கிணறு வெட்டும்போது நாலு பந்து கிடைத்ததாம்,
கோழிக்கு அடை வைத்தாளாம்.
"நல்ல கோழி. இருவத்தஞ்சு நாள் எந்திரிக்கல.
நாந்தான் தூக்கி விட்டேன்."

பழைய கிளப்பின் படிக்கல் கிடந்த இடத்தில்
நாலு முளைக்குச்சி அடித்தேன்.
எழுதினேன்: பதிவேட்டில் கண்டபடி ஒன்பது குழி.
புலத்தில் சரியாக இருக்கிறது.
கீழே கையெழுத்துப் போட்டேன்.
கொஞ்சம் நடுங்கித்தான் இருக்கிறது.
கேட்டால்
கச்சான் காற்று என்பேன்.