இரைச்சல்: ஐந்து

தாருகானாவில் இதை எடைக்குத்தான் போட்டார்கள்.
முப்பத்தொன்பது கிலோ, பழைய இரும்பு விலை.
எடைச் சீட்டு எழுதுகிறவளே நான்தான்.
என் கையால் எனக்கே ஒரு சீட்டு எழுதி
டாக்ஸி டிக்கியில் ஏற்றினேன்.
எந்தக் கப்பலுடையது என்று கேட்டதற்கு
உடைத்த கப்பலுக்குப் பெயர் எதற்கு என்றார் முஷ்டாக்.
பின்மூடிக்குள் கொஞ்சம் உப்பு,
பதினொரு வால்வு.
ஒன்பதுக்கு உயிர் இருந்தது.
மற்ற இரண்டுக்காக லாமிங்டன் ரோட்டில்
நான்கு சனிக்கிழமை போனது.

சயான் கோலிவாடா, மூன்றாம் மாடி.
சுவிட்சைப் போட்டதும் பேசிவிடாது.
முதலில் தூசி கருகும் வாசனை,
அப்புறம் கண்ணாடிக்குள்
பீடி நுனியளவு சிவப்பு.
அரை மணி நேரம் அலைவரிசை நழுவிக்கொண்டே இருக்கும்,
அதற்குள் பாத்திரம் தேய்த்துவிடுவேன்.
பிறகு இரண்டு விரலால் டயல்,
ஒரு முடியளவு. அதில் பாதி.

கேட்பது பெரும்பாலும் கட்டடத்தைத்தான்.
லிஃப்ட் ஏறினால் ஒரு கரகரப்பு.
இரண்டாம் மாடி டியூப்லைட், ஓர் ஈ.
இன்வெர்ட்டர்கள், தலைமாட்டில் சார்ஜ் ஏறும் போன்கள்,
எல்லாம் சேர்ந்து நாற்பது மீட்டரில்
வடைச்சட்டி.
அதன் அடியில் எங்கோ
ஒருவன் மோர்ஸ் கீயைத் தட்டிக்கொண்டிருப்பான்.

அறிக்கையில் ஐந்து கட்டம்.
வலிமை, இடையூறு, இரைச்சல், மங்கல், மொத்தம்.
ஐந்து என்றால் சுத்தம். ஒன்று என்றால் நாசம்.
ஒன்பது வருடத்தில் மூன்றாம் கட்டத்தில்
இரண்டுக்கு மேல் நான் எழுதியதில்லை.

பக்கத்துச் சுவர் பராக் காட்கேயுடையது.
கணபதிக்கு டோல் அடிக்கிற கோஷ்டி,
ஜூலையிலேயே ஒத்திகை.
அவன் சத்தத்துக்கு நான் சுவரைத் தட்டுவேன்,
என் சத்தத்துக்கு அவன்.
எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

அன்று நல்ல மழை. ஒன்று நாற்பது.
தெற்கே ஒரு தீவிலிருந்து
தன் அழைப்புக்குறியை அனுப்பிக்கொண்டிருந்தான் ஒருவன்.
முன்பாதி என் நோட்டில் ஏறிவிட்டது.
கடைசி இரண்டு எழுத்தை
ஒவ்வொரு தடவையும் சட்டி தின்றது.
யாரும் பதில் சொல்லவில்லை அவனுக்கு.
நானும் சொல்ல முடியாது;
உரிமம் இல்லை, காது மட்டும்தான்.

அப்போது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.

தெரு போயிற்று. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது.
இருட்டுப் பழகாத ஊர்; எங்கோ ஒருவர் சிரித்தார்.
பெட்டிக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை.
வால்வில் சூடு இருந்தது,
கண்டென்சரின் வயிற்றில் மிச்சம் இருந்தது,
மூன்று விநாடிக்கு.

சட்டி, எண்ணெய், ஈ, எல்லாம் அறுந்து
கழுவிக் கவிழ்த்த கண்ணாடி டம்ளர்போல்
டா டா டி.
ஜி.

அடுத்த எழுத்து தொடங்கியபோது
மடியிலிருந்து பென்சில் உருண்டது.
தேடப்போன கை
காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.
சுருதி இறங்கி இறங்கிப்
பெட்டி அணைந்தது.

கதவு தட்டப்பட்டது.
போன் வெளிச்சத்தில் பராக், பேயைப் பார்த்த முகம்.
கரண்ட் போன பிறகும் உங்கள் பெட்டி பேசியதே
என்றான் மராத்தியில்.
கடைசியாக என்ன பேசியது, என்றேன்.
அவனுக்கு மோர்ஸ் தெரியாது.
யோசிக்கவும் இல்லை.
என் இரும்புக் கதவில்
உள்ளங்கையால் ஒன்று, விரல்நுனியால் ஒன்று,
உள்ளங்கை, விரல்நுனி.

சி.

இன்னொரு தடவை, என்றேன்.
இன்னொரு தடவை அடித்தான்.
படிக்கட்டில் யாரோ இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார்கள்.

இரண்டு இருபதுக்கு எல்லாம் திரும்பின,
லிஃப்ட், ஈ, வடைச்சட்டி.
பெட்டி சூடேறி முடிப்பதற்குள்
தீவுக்காரன் படுக்கப் போய்விட்டான்.
மேசை விளக்கில் அறிக்கை எழுதினேன்.
வலிமை மூன்று. இடையூறு நான்கு.
இரைச்சல்,
பென்சிலைக் கூராக்கிக்கொண்டு,
ஐந்து.
கேட்டவர் பெயர் என்ற கோட்டில்
இரண்டு பேருக்கு இடமில்லை.
பொடி எழுத்தில் எழுதினேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு டோல்.
வழக்கம்போல் சுவரைத் தட்டினேன்.