சரிவு

பத்து இயந்திரம், பத்துக் கட்டில், ஒரு ஆர்.ஓ. பிளான்ட்.
வேலை உத்தரவில் இவ்வளவுதான்.
நடுக்கூடத்தில் தம்பிரான் சமாதி இருப்பதை
யாரும் எழுதவில்லை.

குடமுருட்டிக் கரையில்
முப்பது வருஷம் பூட்டிக் கிடந்த மடம்.
வௌவால்களை வெளியேற்ற ஒன்பது நாள்,
அவற்றின் வாடையை வெளியேற்ற ஒரு மாசம்.
வாரம் மூன்று நாள் ரத்தம் கழுவிக்கொள்ள
தஞ்சாவூர் பஸ் ஏறுகிறவர்கள்
வேலை முடியுமுன்பே வாசலில் வந்து
எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

என் பாடு குழாய்.
உள்ளே வருகிற தண்ணீர் பற்றிக் கவலையில்லை,
மோட்டார் தள்ளிவிடும்.
வெளியே போகிற தண்ணீருக்குச் சரிவு வேண்டும்.
நூறு அடிக்கு ஓரடி.
இந்தக் கருங்கல் தரையில் அதற்கு எங்கே போவது?

"உடைச்சிடலாம்" என்றார் காண்ட்ராக்டர் குணசீலன்.
பிரேக்கர் வந்து இறங்கியிருந்தது, மணிக்கணக்கு வாடகையில்.
எஞ்சினியர் மெஹர்நிஷா ஒன்றும் பேசவில்லை.
உடைக்க வேண்டிய கல்லின்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து
டிபன் பாக்ஸைத் திறந்தார்.
மெதுவாகத்தான் சாப்பிட்டார்.

அந்த அரைமணியில்தான்
வாளி என் காலில் இடறியது.
கொட்டிய தண்ணீர் பரவவில்லை.
ஏதோ முடிவெடுத்த மாதிரி,
கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் பள்ளத்தில்
சமாதியைச் சுற்றிப் போய்
வடக்குச் சுவர் மூலையில் நின்றது,
வீட்டுக்கு வந்தவன்
பூட்டைப் பார்த்து நிற்பதுபோல.

தட்டிப் பார்த்தேன். மற்றச் சுவரெல்லாம் சுண்ணாம்பு,
இங்கே மட்டும் சிமெண்ட்.
ஓரத்தில் ஆணியால் கீறியிருந்தது:
12.6.78 கோவிந்தராசு.

கோவிந்தராசு, உன்னைத் திட்டவில்லை.
பாம்பு நுழைகிறதென்று யாராவது சொல்லியிருப்பார்கள்,
கூலிக்கு அடைத்திருப்பாய்.
நானும் எத்தனையோ அடைத்தவன்தான்.
தேதி போட்டதில்லை.

உளி வைத்து நாலு தட்டு.
ஒரு வாளி. இன்னொரு வாளி.
மெஹர்நிஷா எச்சில் கையோடு வெளியே ஓடினார்.
காட்டாமணக்குப் புதருக்குள்ளிருந்து
சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார்:
"வருது! வருது!"

மூக்குடைந்த கோமுகி.
முதலில் சேறு, பிறகு ஒரு குளவிக்கூடு,
பிறகு தெளிந்த தண்ணீர்
குளத்துக்குள்.

அபிஷேகப் பால் போன வழியில் இனி எதை விடுவது?
அதற்கு ஒரு வாரம் சண்டை.
நோயாளி உடம்பிலிருந்து வருவதற்குத்
தனிக் குழாய், தனித் தொட்டி, தனி மருந்து.
ஆர்.ஓ. வேண்டாமென்று துப்புகிறதே,
நூறு லிட்டருக்கு நாற்பது,
அதற்கு மட்டும் இந்த வழி.
மெஹர்நிஷா மீட்டரை முக்கினார்,
எண்ணைப் பார்த்தார்,
குளத்து மீனைப் பார்த்தார்.
"ஒண்ணும் ஆகாது. விடுங்க."

விளக்கேற்றும் சுந்தரவல்லியிடம்
புகை கூடாது என்றார் நர்ஸ், தயங்கித் தயங்கி.
பூட்டிய கதவுக்கு முன்னால்
முப்பது வருஷம் விளக்கு வைத்தவர் சிரித்தார்.
"வெளியே வெச்சுத்தாம்மா எனக்குப் பழக்கம்.
இப்ப கண்ணாடியாவது போட்டிருக்கீங்க."

முதல் நாள், ஐந்தாம் கட்டிலில் சீனிராசு.
டாடா ஏஸ் ஓட்டுகிறவர்.
நாளுக்கு அரை லிட்டருக்குமேல்
தொண்டையில் இறங்கக் கூடாதென்று டாக்டர் உத்தரவு.
ஊசி ஏறியதும் கேட்டார்,
"சுவருக்குள்ள என்ன சத்தம்?"

"தண்ணி போகுதுண்ணே. இரைச்சலா இருந்தா
வேற கட்டில் பாக்கலாம்."

வேண்டாம் என்று கையசைத்தார், ஊசி இல்லாத கையால்.
நாலு மணி நேரம்
கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டபடி கிடந்தார்.

இப்போது ஐந்தாம் கட்டிலுக்குத்தான்
வரிசையில் தகராறு.