எட்டின் இடப்பக்கம்

பந்தல்குடி வாய்க்காலை ஒட்டிய மோட்டார் ரூம் கதவில்
நீலப் பெயின்ட்டில் என் பெயர்:
மா. முனீஸ்வரி, மாமன்ற உறுப்பினர்.
கீழே பத்து எண்கள்.
எழுதிய பையன் முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
குறைகளுக்கு என்பதைக்
குரைகளுக்கு என்று எழுதிவிட்டுப் போனான்.
ஐந்து வருடமும் நான் அதைத் திருத்தவில்லை.
தெரு நாய்கள் கூப்பிடும் நம்பர் என்று
எதிர்க்கட்சிக்காரர் சிரித்ததோடு சரி.

முதல் கூட்டத்துக்கு வீட்டுக்காரரும் கூடவே வந்தார்.
வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.
அன்றிலிருந்து டீக்கடையில் அவர் கவுன்சிலர்,
மன்றத்தில் நான்.
மூன்று நிமிடம் மைக் தருவார்கள்.
வாய்க்கால் தூர் வாரச் சொல்லிப்
பதினொரு கூட்டங்களில் பேசினேன்.
நடவடிக்கைக் குறிப்பைத் தேடிப் பார்த்தால்
"உறுப்பினர் பேசினார்" என்று இருக்கும்.
என்ன பேசினார் என்று
பாலத்தடியில் தேங்கிய கோரைப்புல்லுக்குத் தெரியும்.

பன்னிரண்டாவது தடவை பேசவில்லை.
ஜே.சி.பி. வந்தது.
ஏன் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை.
எங்கள் நூறு நாற்காலிக்கும் சேர்த்து
தனி அலுவலர் ஒருவர் உட்கார்ந்தார்.
நல்ல மனிதர், கையெழுத்து கோலம் மாதிரி இருக்கும்.
எங்கள் தெருவுக்கு அவர் வந்ததில்லை.
வழி யாரும் சொல்லவில்லையோ என்னவோ.

விடிகாலை நாலேகாலுக்குப் போன்.
"அக்கா, குடிதண்ணியில புழு நெளியுது."
"நான் இப்ப கவுன்சிலர் இல்லம்மா. முன்னாள்."
"முன்னாள்னா புழு போயிருமா?"

பிறகு அழைப்புகள் குறைந்தன.
மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.
பொய் சொல்வானேன்,
ஏழு மணிவரை தூங்கினேன்.

நேற்று உசிலம்பட்டியிலிருந்து ஒரு குரல்.
உரக்கடை வைத்திருக்கிறாராம், பெயர் ஒச்சப்பன்.
"ஏம்மா, மூணு மாசமா
உங்க வார்டு சாக்கடை பூராவும் என் காதுல ஓடுது.
ஒரு ஆளு, ரெண்டு ஆளுன்னா
ராங் நம்பர்னு சொல்லலாம்.
ராத்திரி ஒரு பொண்ணு அழுதுச்சு,
தத்தனேரியில எரிமேடை மெசின் ஓடலையாம்,
அப்பாவை வச்சுக்கிட்டு நிக்குறோம்னு.
அதுகிட்டப் போயி ராங் நம்பர்னு எப்படிச் சொல்றது?
மாநகராட்சிக்கு நானே போன் போட்டேன்.
எந்த வார்டுன்னு கேட்டான்.
எனக்கென்ன தெரியும்?
செல்லூருப் பக்கம்னேன், சத்தமாச் சொன்னேன்.
முடிச்சுக் குடுத்தான்.
உங்க நம்பரை இப்பத்தான் ஏ.இ. குடுத்தாரு.
அப்புறம் அந்தப் பதினேழாம் நம்பர் போஸ்ட்,
லைட்டு எரியுதான்னு பாத்துச் சொல்லுங்க.
நாலு தடவை சொல்லியிருக்கேன்."

மோட்டார் ரூமுக்குப் போய்ப் பார்த்தேன்.
ஏழாவது இடத்தில் இருந்த எட்டு
இடப்பக்கம் உதிர்ந்து மூன்றாகியிருந்தது.
வாய்க்கால் ஈரம் கதவைத் தின்கிறது.
எங்கள் ஊரில் ஓட்டில்லாத,
எங்கள் வெள்ளத்தை ஒருநாளும் பார்க்காத ஒரு மனிதர்
மூன்று மாதம் எங்களுக்கு உறுப்பினராக இருந்திருக்கிறார்.

மொத்தத்தையும் அழிக்கத்தான்
கால் லிட்டர் டப்பா வாங்கிப் போனேன்.
பிரஷ்ஷை முக்கியதும்
குடத்தோடு நின்ற ஒருத்தி கேட்டாள்:
"புதுசா எழுதுறீகளா? தண்ணி எப்ப வரும்?"
எட்டின் இடப்பக்கத்தை வளைத்து முடித்தேன்.
றகரத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

திரும்பும் வழியில் பதினேழாம் நம்பர் கம்பம்.
எரிகிறது.
பகல் பதினொன்றரை மணி,
தலைக்கு மேல் சித்திரை வெயில்,
அதற்குக் கீழே விளக்கும் எரிகிறது.

ஒச்சப்பனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
"அணைக்க யாருகிட்டச் சொல்லணும்?" என்றார்.