நிற்காத தளங்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில்
அங் மோ கியோவின் சில பழைய புளோக்குகளில்
மின்தூக்கி ஒன்றில் நிற்கும், ஆறில் நிற்கும்,
அப்புறம் பதினொன்றில்தான்.
இடையில் குடியிருந்தவர்கள்
அரிசிப் பையோடு படியிறங்கிப் போவார்கள்.
கட்டடம் கோணல் என்று யாரும் சொன்னதில்லை.

தாரகை குப்புற விழுந்தது ஐந்தாம் மாதம்,
ஒரு செவ்வாய்க்கிழமை,
நான் பூன் லேயில் கயிறு மாற்றிக்கொண்டிருந்தேன்.
கௌசி அனுப்பிய வீடியோவில்
ஒரு கை உடம்புக்கடியில் மாட்டிக்கொள்ள
மூக்கு விடைக்கக் கத்துகிறாள்;
படம் ஆடுகிறது, பிடித்தவள் சிரிப்பதால்.
ஏழில் உட்கார்ந்தாள்,
முன்னால் இரு கையும் ஊன்றித் தவளைபோல.
பிறகு கையை எடுத்துவிட்டு.
பிறகு சாய்ந்து.
அடுத்தது தவழ வேண்டும்.

தவழவில்லை.
பிட்டத்தைத் தேய்த்துத் தேய்த்து வந்தாள்,
ஒரு காலைத் துடுப்பாக்கி, கூடம் முழுக்க.
"இன்னுமா தவழல?" என்று மச்சினி கேட்டாள்,
தன் பிள்ளையின் படத்தையும் சேர்த்தனுப்பி.

பாலிகிளினிக்கில் மிஸ்ஸி நூர்ஹிதாயா
அக்குளில் பிடித்துத் தூக்கி
அவள் பாதங்களை மேசையில் படவிட்டார்.
முழங்கால் மடங்கி, நிமிர்ந்து, மறுபடி மடங்கி...
புது ஸ்பிரிங்.
"சில பிள்ளைங்க தவழாமலே போய்டும் லா.
சும்மா விளையாட விடு."
கையேட்டில் ஒரு கட்டம் காலியாகவே இருந்தது.
அன்றிரவு மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன்.

இன்று காலை ஆறே முக்கால்.
விரலிடுக்கில் கிரீஸோடு தாழ்வாரம் திரும்பினால்
எங்கள் இரும்பு கேட்டுக்குப் பின்னால்
கம்பியைப் பிடித்துக்கொண்டு
நிற்கிறாள்.

சாவி என் கையில்.
கேட் வெளிப்பக்கம் திறக்கும்.
திறந்தால் அதோடு அவளும் வருவாள்.

எழத் தெரிந்திருக்கிறது, இறங்கத் தெரியவில்லை.
தொடை நடுங்குகிறது.
கால்விரல்கள் டைல்ஸைக் கவ்வுகின்றன.
என்னைக் கண்டதும் உதடு பிதுங்குகிறது.
உள்ளே கௌசி பால்புட்டி கழுவும் சத்தம்.

கருவிப்பையை இறக்கிவிட்டு
பக்கத்து வீட்டு டியோவின் சைக்கிளோரம் உட்கார்ந்தேன்.
கம்பி வழியே இரண்டு விரல் நுழைத்து
அவள் முழங்காலின் பின்மடிப்பை
லேசாகத் தொட்டேன்.

மெல்ல.
இருநூறு மில்லிமீட்டர். நூற்றைம்பது.
கடைசி நூறை அவளே விட்டுவிட்டாள்.
தொப்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
அழலாமா என்று யோசித்தாள்.
பிறகு மறுபடியும்
கம்பிக்குக் கை நீட்டினாள்.

சாவி இன்னும் என் கையில்தான்.