நாற்பத்தொன்று

யேனா பாரடீஸ் நிலையத்தில்
கடைசி ரயிலை விட்டு இறங்கினேன்.
சொர்க்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்,
காப்பி இயந்திரம் மூன்று வாரமாய்ப் பழுது.

மேட்டில் ஆய்வகம். இருபத்தேழு டிகிரி அறை.
அறுபது கிண்ணம், கிண்ணத்துக்கு ஒரு காய்ப்புழு.
சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று தின்னும்,
அதனால் தனிக்குடித்தனம்.
முதல் முப்பதுக்கும் வெறும் கடலைமாவுக் களி.
மீதி முப்பதுக்கு அதே களியில்
சோயா விதையிலிருந்து பிரித்த தடுப்பான், சிட்டிகையளவு.

விஷமில்லை அது. கசப்புகூட இல்லை.
புழு முகம் சுளிக்காமல் தின்கிறது.
உள்ளே, சவக்காரமாய் வழுக்கும் அந்த நீளக் குழாயில்,
டிரிப்சின் ஓடிவந்து கவ்வுகிறது.
கவ்வியது கவ்வியதுதான்.
அறுக்கவும் முடியாது, உமிழவும் முடியாது;
கவ்விய வாயோடு
எச்சத்தில் போய்ச் சேர்கிறது.

ஆள் போதவில்லை என்று நினைக்கிறது குடல்.
(குடல் நினைக்காது என்பாள் வீப்கெ.)
இன்னும் நொதி, இன்னும் நொதி.
சதைக்கென்று வைத்திருந்த கந்தக அமிலங்களை
எடுத்தெடுத்துக் கொடுக்கிறது,
வட்டி கட்ட வட்டிக்கு வாங்குகிறவனைப் போல.
தின்னத் தின்ன இளைக்கிறது.
வயிறு முட்ட ஒரு பட்டினி.

முப்பத்துநான்கு: நாற்பது மில்லிகிராம்.
நேற்றும் நாற்பது.
எச்சத்தை மட்டும் நிறுத்தால்
இதற்குத்தான் முதல் பரிசு.

செடி இதற்கென்று உட்கார்ந்து யோசித்ததில்லை.
ஓர் இலை கடிபட்டால்
கடிபடாத இலையிலும் ஊறிவிடுகிறது.

ஒரு மணிக்கு நடைவழியில் டப்பாவைத் திறந்தேன்.
தட்டைப்பயறுச் சுண்டல்.
இதிலும் இருந்தது அது.
ராத்திரி முழுக்க ஊறி, மூன்றாம் விசிலில் உருக்குலைந்தது.
நான்காவதை வேண்டாமென்று நிறுத்தினேன்,
கீழ்வீட்டு ஹெர் க்ரோட்டெ
தடியால் கூரையைத் தட்டுவார்.
எனக்கு அடுப்பு இருக்கிறது.
புழுவுக்குத் தன் குடல்தான் அடுப்பு.

திரும்பி வந்து நாற்பத்தொன்றை நிறுத்தேன்.
நூற்றி எண்பத்திரண்டு.
தராசைத் துடைத்து மறுபடியும் நிறுத்தேன்.
நூற்றி எண்பத்திரண்டு.
அதே களி, அதே சிட்டிகை,
பச்சையாய், கொழுகொழுவென்று, விரலைத் தேடிக் கடிக்கிறது.
உள்ளே வேறு கத்தரிக்கோலை எடுத்திருக்கிறது,
தடுப்பானின் பிடிக்குள் அகப்படாத ஒன்று.
எந்த ஜீனை எழுப்பியதோ, எந்த ஜீனை உறங்கச் சொன்னதோ.
ஊகம். ஊகத்தை எந்த இதழும் அச்சிடாது.

பனிக்கட்டி வாளியில் வீப்கெயின் மஞ்சள் சீட்டு:
'எடை ஏறியது எதுவானாலும் இன்றைக்கே.
கூட்டுப்புழுவாகிவிட்டால் அந்தக் குடல் கிடைக்காது.'

தோற்றதனால் முப்பத்துநான்கு
நாளைக்கும் தின்னும்.

பனியில் வைத்தேன். கால்கள் மடங்கின.
வாய் மட்டும் கொஞ்ச நேரம்
இல்லாத களியை மென்றுகொண்டிருந்தது.
நோட்டில் எழுதினேன்: இரண்டு பத்து, குடல் முழுதாக.
முழுதாகத்தான் வந்தது, கிழியாமல்,
ஈர நூலைப் போல, உள்ளே இன்னும் பச்சை.

கையுறையைக் கழற்றும்போது பசித்தது.
டப்பாவில் பாதிச் சுண்டல் மிச்சம்.