பன்னிரண்டு விநாடி

முதுகில் ஒரு கம்பு, கம்பில் ஒரு கொடி,
கொடியில் இரண்டு மணித்தியாலம்.
பாசல். ஞாயிறு. றைன் மேலே இன்னும் கலையாத பனிப்புகார்.

வெல்லச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை.
இருபத்தொரு கிலோமீட்டரையும்
வால்போல் ஒட்டிய தொண்ணூற்றேழரை மீட்டரையும்
நேரம் பிசகாமல் கடந்து
பின்னால் வருகிறவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.
கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் நாற்பத்தொரு விநாடி.
இடது கையில் பேனையால் எழுதி வைத்திருக்கிறேன்,
பரீட்சையில் களவடிக்கிறவளைப் போல.

இருபத்துமூன்று பேர் என் கொடிக்குக் கீழே.
நீல மேசு போட்ட நெடுவல் ஒருவன்,
இப்போதே வாயால் மூச்சு விடுகிறான்.
பல்கலைக்கழகப் பெட்டைகள் இருவர், ஓயாத கதை.
பிறகு ரெகுலா: மருந்துக்கடையில் வேலை, ஐம்பத்தாறு வயது.
"போன வருஷம் இருபத்தொரு விநாடியால் தவறவிட்டேன்"
என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

பிழை விட்டது மிட்லெரே பாலத்தில்.
சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்று மேளம் அடித்தார்கள்.
இந்த ஊரில் நடக்கப் பழகுமுன்
குச்சி பிடிக்கப் பழகிவிடுவார்கள் போல.
என் கால் மணிக்கூட்டை விட்டுவிட்டு
அவர்களின் கையைக் கேட்டது.
மூன்றாவது கிலோமீட்டர்ப் பலகையில் பார்த்தேன்:
பன்னிரண்டு விநாடி முந்தி.

பன்னிரண்டு விநாடி என்ன பெரிய காரியம்?
ஒரு சப்பாத்து நாடா கட்டக் காணாது.
ஆனால் காலையில் வாங்கிய கைமாற்று அது,
பின்னேரம் வட்டியோடு கேட்க ஆள் வரும்,
பதினேழாவது கிலோமீட்டரில், தொடையில்.

சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.
சடாரென்று வேகத்தைப் பிடித்தால்
பின்னால் வருகிறவர் முன்னால் இருப்பவர்மேல் மோதுவார்.
கிலோமீட்டருக்கு ஒரு விநாடியாய்த் திருப்பிக் கொடுத்தேன்,
உண்டியலில் எடுத்ததை
வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்துத்
திரும்பப் போடுவதுபோல்.
மூலென்பேர்க் ஏற்றத்தில் மணிக்கூட்டைப் பார்க்கவேயில்லை.
ஏற்றத்துக்கு வேறு கணக்கு: நேரத்தை விடு, மூச்சைப் பிடி.
இறக்கத்தில் பேராசைப்படாதே.
"இப்ப சுகமாயிருக்கு எண்டு கால் சொன்னால், அது பொய்"
என்று ஜெர்மனில் கத்தினேன்.
பெட்டைகள் சிரித்தார்கள்.

பதினைந்தில் கடன் தீர்ந்தது.
கையில் எழுதினது வேர்வையில் கரைந்து
ஒரு நீலக் கறை மட்டும்.
நெடுவல் எப்போது கழன்றான், தெரியாது.
பெட்டைகளில் ஒருத்திதான் மிச்சம், கதையில்லாமல்.

பதினெட்டில் எனக்குப் பின்னால்
ஒரு சப்பாத்துச் சத்தம் தாளம் மாறியது.
திரும்பிப் பார்க்கக்கூடாது,
கொடி தடுமாறினால் கூட்டமே தடுமாறும்.
திரும்பினேன்.
ரெகுலா பத்தடி பின்னால். பிறகு இருபதடி.
கையை மட்டும் அசைத்தாள்: போ.

போனேன். அதுதான் வேலை.
இருபதாவதில், "தெம்பு இருக்கிறவர்கள் என்னைத் தாண்டிப் போங்கள்"
என்றேன். ஐந்து பேர் போனார்கள்.
நான் தனியே ஒரு இலக்கத்தைச் சுமந்துகொண்டு
ஒரு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்துநான்கில்
கோட்டைத் தாண்டினேன்.
சொன்ன நேரம், சுத்தமான கணக்கு.

அங்கேயே நின்றேன்.
பெரிய மணிக்கூடு இரண்டைத் தொட்டு
வெட்கமில்லாமல் மேலே போனது.
ஒன்று. நான்கு. ஏழு.
ஒன்பதில் ரெகுலா.

வாழைப்பழ வரிசையில் அவளைப் பிடித்து
"முதல் மூன்று கிலோமீட்டரில் நான்" என்று தொடங்கினேன்.
பழத்தை உரித்துக்கொண்டே சொன்னாள்:
"பன்னிரண்டு விநாடி. என்னிடமும் மணிக்கூடு இருக்கிறது.
மேளம் நன்றாயிருந்தது, நானும் பேசாமல் வந்தேன்."

பழத்தில் பாதியை எனக்குத் தந்தாள்.
வாங்கினேன். உப்புக் கரித்தது, என் கைதான்.

ட்ராம் கதவுக்குள் கொடிக்கம்பு நுழையவில்லை.
சரித்துப் பார்த்தேன், படுக்கவைத்துப் பார்த்தேன்.
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தபடி காத்திருந்தார்.
அவருக்கும் ஒரு நேர அட்டவணை இருக்கும்.