முந்நூறு எழுத்துக்குள்

நசாரேனோ,
உனக்கு வந்த கடிதத்தை எழுதியவன் நான்.
'தங்கள் அனுபவம் இப்போதைக்குப் பொருந்தவில்லை.'
அந்தப் பெட்டி முந்நூறு எழுத்துதான் ஏற்கும்;
அதிலும் மிச்சம் வைத்தேன்.

மொந்தேவிதேயோவில் அன்று ஆற்றுக்காற்று
ஒன்பதாம் மாடிக் கண்ணாடியை உலுக்கிக்கொண்டிருந்தது.
ஒரே கணக்கில் ஒரே நொடியில்
இருவர் பணம் எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.
நீ வெள்ளைப்பலகைப் பக்கமே போகவில்லை.
அத்தையின் ரொட்டிக்கடையில்
வரிசைச்சீட்டு இயந்திரம் சிக்கி
இருவர் கையிலும் நாற்பத்தேழு வந்த கதையைச் சொன்னாய்.
"ஒரு சீட்டைக் கிழிக்கும்வரை
யாருக்கும் ரொட்டி இல்லை என்றேன்.
ரெண்டு பேரும் திட்டினார்கள்."
வெரோனிக்கா சிரித்தாள். நானும்.
மதிப்பெண் தாளில், தெளிவு: பத்துக்கு இரண்டு.

மார்ச்சில், விடியாத மூன்று மணிக்கு,
எங்கள் செயலி நாலாயிரம் பேரிடம்
வாடகையை இரண்டு தடவை பிடித்தது.
திரைமுன் உட்கார்ந்து
நாற்பத்தேழு, நாற்பத்தேழு என்று முனகினேன்.

அறிவுரை சொல்லத் தகுதியில்லை, ஆனாலும்:
பதினோரு முறை 'மன்னிக்கவும்' சொன்னாய், எண்ணினேன்.
எதற்கு?
சம்பளம் என்றதும் 'நீங்கள் பார்த்து' என்று இழுத்தாய்.
நாங்கள் பார்க்க மாட்டோம்.
அடுத்த இடத்தில் தொகையைச் சொல்,
சொன்னபின் வாயைத் திறக்காதே.
ரொட்டிக்கடையை மட்டும் விட்டுவிடாதே.

இன்னொன்று.
நீ லிஃப்டில் ஏறி வரும்போதே
அந்த வேலைக்கான சீட்டு
வேறொருவன் கையிலும் இருந்தது.
உன்னுடையதைக் கிழித்தவன் நான்,
திட்டு வாங்காமல்.

கடை எந்தத் தெருவில் என்றாவது கேட்டிருக்கலாம்.